கின்னஸ்காரர்களுக்கு: அந்த 5.51 விநாடியைப் பற்றி

கின்னஸ் உலக சாதனை நிறுவனத்தில் வீடியோ கேம் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி 'என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இது அந்த ரகம் இல்லை. என்னிடம் எந்தச் சாதனையும் கிடையாது. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு, எங்கேயோ ஒருவர் நாற்பது வருஷத்துப் பழைய கேம் ஒன்றை அரை விநாடி சீக்கிரம் முடிப்பதற்காக ஆயிரத்துச் சொச்சம் தடவை தோற்றுக்கொண்டிருப்பதை உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

எங்கள் ஊரில் கின்னஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சாதனை என்பதற்கு இன்னொரு சொல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டால்கூட 'கின்னஸ்ல போடலாம்டா' என்பார்கள். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு வீடியோ கேம் விஷயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

1980ல் ஆக்டிவிஷன் நிறுவனம் அட்டாரி 2600 கருவிக்காக டிராக்ஸ்டர் என்று ஒரு கேம் வெளியிட்டது. எழுதியவர் டேவிட் கிரேன். மொத்த கேமும் 2 கிலோபைட்தான். இந்த மடலைச் சேமித்தால் அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். நேர்க்கோட்டில் ஒரு ரேஸ், அவ்வளவுதான். வளைவு கிடையாது, குறுக்கே எதுவும் வராது. பட்டனை அழுத்தினால் ஆக்சிலரேட்டர். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் கிளட்ச், விட்டால் அடுத்த கியர். கீழே எஞ்சினின் வேகம் ஒரு பட்டையாக நீண்டுகொண்டே போகும், அது எல்லையைத் தாண்டினால் எஞ்சின் வெடித்துவிடும். கவுண்ட்டவுன் முடிவதற்கு முன்னால் கியரைத் தொட்டுவிட்டால் அவசரப்பட்டுவிட்டாய் என்று ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். நல்லபடியாக ஓட்டினால் ஆறு விநாடிக்குள் எல்லாம் முடிந்து கடிகாரம் நிற்கும். நான் எமுலேட்டரில் (பழைய கருவியைக் கம்ப்யூட்டரிலேயே நடித்துக் காட்டுகிற மென்பொருள்) முதல்முறை உட்கார்ந்தபோது முப்பது தடவைக்கு மேல் எஞ்சினை வெடிக்கவிட்டேன். பட்டனை எப்போது விட வேண்டும், எப்போது மறுபடி அழுத்த வேண்டும் என்பது விரலுக்குப் பழக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அந்தக் காலத்தில் ஆறு விநாடிக்குக் கீழே ஓட்டினால், டிவி திரையை போட்டோ எடுத்து ஆக்டிவிஷனுக்கு அனுப்பலாம். அவர்கள் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் அனுப்புவார்கள். வியாபாரத்துக்கு நல்ல யோசனை, பிள்ளைகளுக்கும் குஷி. 1982ல் டாட் ரோஜர்ஸ் என்பவர் 5.51 விநாடியில் ஓட்டியதாக ஆக்டிவிஷன் ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து அந்த எண் ட்வின் கேலக்ஸீஸ் என்ற சாதனைப் பதிவேட்டுக்குப் போனது, பிறகு உங்களிடம் வந்தது. நீங்கள் சும்மா விடவில்லை. உலகத்திலேயே அதிக காலம் முறியடிக்கப்படாத வீடியோ கேம் சாதனை என்று அதற்கு இன்னொரு பட்டமும் கொடுத்தீர்கள்.

முப்பத்தைந்து வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. முறியடிக்க முடியவில்லை என்பதையே அதற்குப் பெருமையாக எழுதினோம், நானும்தான் அப்படி நம்பினேன். அதைத் தொட முடியாததற்கு வேறு காரணம் இருக்கலாமே என்று கேட்க ஒரு ஆள் வர வேண்டியிருந்தது.

ஆம்னிகேமர் என்ற பெயரில் ஸ்பீட்ரன், அதாவது ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்கிற ஆட்டம், செய்கிற எரிக் கோசியேல் 2017ல் அந்த 2 கிலோபைட்டையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் படம் மாறுகிற ஒவ்வொரு தடவையும், வேகம் எப்படி ஏறுகிறது, கியர் மாறும்போது என்ன ஆகிறது என்று எல்லாவற்றையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் கொண்டுவந்தார். மனுஷன் விளையாடுவதை விட்டுவிடுங்கள், ஒரு தப்பும் செய்யாத இயந்திரம் விளையாடினால்கூட 5.57க்குக் கீழே வராது என்று கணக்கு சொன்னது. இந்த கேமின் கடிகாரம் நூறில் ஒரு பங்காக ஓடுவதில்லை, கிட்டத்தட்ட 0.03 விநாடிப் படிகளாகத்தான் இறங்கும். 5.57க்கு அடுத்தது 5.54, அதற்கும் அடுத்தது 5.51. அதாவது நீங்கள் பட்டம் கொடுத்தது, முடியவே முடியாத எல்லைக்கு இரண்டு படி கீழே இருந்த ஒரு எண்ணுக்கு. இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கிளப்பியதாக ரோஜர்ஸ் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நிரல் அதற்கு இடம் தரவில்லை. நிஜ அட்டாரி கருவியிலும் சோதித்துப் பார்த்தார்கள், விடை மாறவில்லை.

அப்புறம்தான் அவருடைய மற்ற ஸ்கோர்களை மக்கள் புரட்ட ஆரம்பித்தார்கள். வாபிட் என்று ஒரு கேம், அதில் புள்ளிகள் ஐந்தின் மடங்காகத்தான் ஏறும். பதிவேட்டில் இருந்த அவருடைய ஸ்கோர் 1,698. எட்டில் முடிகிறது! இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், அங்கேயே கையை உயர்த்தியிருக்கும். பார்ன்ஸ்டார்மிங் என்ற இன்னொரு கேமில் குறுக்கே வருகிற தடைகளை எல்லாம் நிரலிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள், அப்போதும் அவர் சொன்ன 32.74 விநாடி வரவில்லை.

2018 ஜனவரி 29ஆம் தேதி ட்வின் கேலக்ஸீஸ் அவருடைய ஸ்கோர்கள் அத்தனையையும் நீக்கியது. நீங்களும் நீக்கினீர்கள். ரோஜர்ஸ் தன் தரப்பில், அன்றைக்கு ஆக்டிவிஷனே சரிபார்த்துக் கொடுத்ததுதானே என்றார். எனக்கு அந்தப் பதில் முக்கியமாகப் படுகிறது, அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. ஆக்டிவிஷன் சொன்னது என்று ட்வின் கேலக்ஸீஸ் நம்பியது, ட்வின் கேலக்ஸீஸில் இருக்கிறது என்று உலகம் நம்பியது, கின்னஸிலேயே வந்துவிட்டது என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவே இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்ற வரிசையில் முதல் ஆளிடம் ஆதாரம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் பாட்டிகள் சொல்வார்கள். இங்கே யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சரி, அது பழைய கதை, அன்றைக்கு வீடியோ எடுக்கிற வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். டாங்கி காங் என்ற பழைய ஆர்கேட் கேம், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடுகிற பெட்டி கேம், அதன் விவகாரத்துக்கு வருகிறேன். அங்கே வீடியோ டேப் இருந்தது.

அந்த கேமில் பில்லி மிட்செல் என்ற ஆட்டக்காரர் பத்து லட்சம் புள்ளிக்கு மேல் எடுத்ததாகப் பதிவான ஸ்கோர்களின் டேப்புகளை, 2018 பிப்ரவரியில் ஒருவர் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தார். ஒரு லெவல் முடிந்து அடுத்தது தொடங்கும்போது இரும்புச் சட்டங்கள் திரையில் எந்த வரிசையில், எந்த வடிவத்தில் தோன்றுகின்றன என்பதுதான் விஷயம். ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கிற அசல் போர்டு ஒரு விதமாக வரையும், மேம் என்கிற எமுலேட்டர் வேறு விதமாக வரையும். கண் சிமிட்டுகிற நேரம்கூடக் கிடையாது, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஏப்ரலில் ட்வின் கேலக்ஸீஸ் அந்த ஸ்கோர்கள் மாற்றம் செய்யாத அசல் ஆர்கேட் கருவியில் எடுத்தவை அல்ல என்று முடிவு செய்து நீக்கியது. நீங்களும் நீக்கினீர்கள். பிறகு 2020 ஜூனில் நீக்குவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று திரும்பச் சேர்த்தீர்கள். மிட்செலுக்கும் ட்வின் கேலக்ஸீஸுக்கும் நடந்த வழக்கு 2024 ஜனவரியில் சமரசமாக முடிந்து, அவருடைய ஸ்கோர்கள் அவர்களுடைய பழைய வரலாற்றுப் பட்டியலில் ஏறின.

யார் பக்கம் சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை, அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன, இணையத்தில் அதைவிட அதிகம் நீதிபதிகளும் இருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு சாதனை உங்கள் பட்டியலில் இருந்தது, பிறகு இல்லை, பிறகு மறுபடி இருந்தது. உங்கள் தளத்தில் தேடினால் யார், எவ்வளவு, எங்கே, எப்போது என்று நாலு வரி கிடைக்கிறது. எதைப் பார்த்து முதலில் ஏற்றுக்கொண்டீர்கள், எதைப் பார்த்து எடுத்தீர்கள், எதைப் பார்த்துத் திரும்ப வைத்தீர்கள் என்பது அந்த நாலு வரியில் இல்லை. முடிவை மட்டும் சொல்கிற நடுவரை எந்த விளையாட்டில் ஏற்றுக்கொள்வோம்? கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பார்க்கிற அதே படத்தை மைதானத்தில் இருக்கிற பெரிய திரையிலும் போடுகிறார்கள், டீக்கடையில் பார்க்கிறவனும் பேட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை போடலாம்.

இதே வேலையைக் காசில்லாமல் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மைன்கிராஃப்ட் ஸ்பீட்ரன்னில் ட்ரீம் என்ற பெயரில் விளையாடுகிறவர், கோடிக்கணக்கில் ரசிகர்கள். 2020 அக்டோபர் வாக்கில் அவர் செய்த ரன்களில் அதிர்ஷ்டம் கொஞ்சம் ஓவராக இருக்கிறதே என்று, ரன்களைச் சரிபார்க்கிற மாடரேட்டர்களுக்குத் தோன்றியது. கேமில் பிக்லின் என்ற ஜந்துக்களிடம் தங்கம் கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது தரும், அதில் கேமை முடிக்கத் தேவையான எண்டர் பேர்ல் என்ற பொருள் கிடைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அவருக்கு 262 பண்டமாற்றில் 42 தடவை கிடைத்திருந்தது. பிளேஸ் என்ற ஜந்துவைக் கொன்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பில், அதுவும் தேவையான ஒரு கோல் விழும், அவருக்கு 305ல் 211. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே வரிசையான ஸ்ட்ரீம்களில். மாடரேட்டர்கள் 29 பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார்கள். தங்களுக்குப் பாதகமாகவும் அவருக்குச் சாதகமாகவும் எங்கெல்லாம் சலுகை கொடுக்க முடியுமோ அங்கெல்லாம் கொடுத்துக் கணக்குப் போட்டும், இது இயல்பாக நடக்க ஏழரை லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று வந்தது. (ஏழரை என்றதும் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.) அந்த அறிக்கையை மூடி வைக்கவில்லை. கணக்கு முழுவதையும் வெளியே வைத்தார்கள், தப்பு இருந்தால் சொல் என்றார்கள். திட்டு வாங்கினார்கள், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்த வருஷம் மே மாதம் ட்ரீமே அந்த ரன்களில் வாய்ப்புகளை மாற்றுகிற ஒரு மாட் (கேமோடு ஒட்டவைக்கிற துணை நிரல்) ஓடிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டார், தெரியாமல் நடந்தது என்றார்.

அந்த மாடரேட்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. உங்களிடம் விண்ணப்பத்தைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றால் தனியாகக் காசு கட்டுகிற வழி இருக்கிறது. குத்திக்காட்டுகிறேன்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு வாங்குகிற இடத்தில் 29 பக்கம் வேண்டாம், ஒரு பக்கமாவது எதிர்பார்க்கலாம் இல்லையா?

ஏமாற்றுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த விளையாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், அதனால் டெட்ரிஸுக்கு வருகிறேன். இந்த மடலில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். கருவியில் வந்த டெட்ரிஸில் 29ஆவது லெவலோடு உலகம் முடிந்துவிட்டதாகத்தான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அந்த லெவலில் கட்டைகள் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு வரி என்று விழும், பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓரம் போய்ச் சேருவதற்குள் கீழே விழுந்துவிடும். பிறகு ஹைப்பர்டேப்பிங் என்று விரலை அதிரவைத்துத் தட்டுகிற முறையில் 30ஐத் தொட்டார்கள். அதற்குப் பிறகு ரோலிங் வந்தது. கட்டை விரலைப் பட்டன் மேல் லேசாக வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் பின்புறத்தில் மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித் தட்டுவது. பார்த்தால் மிருதங்கக்காரர் தொப்பியில் விரலை ஓடவிடுவது மாதிரியே இருக்கும். பட்டன் விரலைத் தேடி வந்து இடித்துக்கொள்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்து, மற்றவர்களுக்கு வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பழைய எல்லை ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

2023 டிசம்பர் 21. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்துப் பையன், வயது 13, விளையாட்டுப் பெயர் ப்ளூ ஸ்கூட்டி. 157ஆவது லெவல். ஸ்கோர் காட்டுகிற இடத்தில் 999999 என்று எப்போதோ முட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் காட்ட அந்த கேமுக்குத் தெரியாது. இவ்வளவு உயரத்தில் வரி அழியும்போது கணக்குப் போட கேமுக்கு நேரம் பற்றாமல் போய் உறைந்துவிடும் என்று நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எந்த லெவலில் எத்தனை வரி அழித்தால் உறையும் என்று பட்டியலே இருந்தது. 155ல் கிடைத்த வாய்ப்பு அவன் கையை விட்டுப் போய்விட்டது. ஆடிக்கொண்டே இருந்தான். 1,511ஆவது வரி அழிந்தது, கட்டைகள் அப்படியே நின்றன. மொத்தம் 38 நிமிஷம் சொச்சம். நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, விரல்களில் உணர்ச்சியே இல்லை என்று சொல்கிறான். நான் அதைக் குறைந்தது பத்துத் தடவை பார்த்திருப்பேன். அதுவரை அந்த கேமை அந்த இடத்துக்குக் கொண்டுபோனவை கம்ப்யூட்டர் நிரல்கள் மட்டும்தான்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற அம்மா ஒருவர் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கு தம்பி என்கிற தொனியில் ஒரு புத்திமதியும் சொன்னார். உலகம் முழுக்க அம்மாக்கள் ஒரே அம்மாதான் போலிருக்கிறது.

அந்தப் பையனின் சாதனையை ஏன் யாரும் சந்தேகப்படவில்லை? முழு ஆட்டமும் வெட்டு ஒட்டு இல்லாமல் இருக்கிறது. எங்கே உறையும் என்று முன்பே எழுதி வைத்த கணக்கு இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. பதின்மூன்று வயதுப் பையனிடமிருந்து இந்தக் கூட்டம் கேட்டு வாங்குகிற ஆதாரத்தை, 1982ல் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயருக்காக எல்லோரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அதில் நீங்களும் உண்டு.

நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. வீடியோ கேம் சாதனை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதைப் பார்த்து ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். முழு வீடியோவா, நேரில் நின்ற நடுவரா, இன்னொரு பதிவேடு சொன்னதா, பழைய போட்டோவா, எதுவோ அது. வீடியோ என்றால் அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். எந்தக் கருவியில் ஆடியது, அசலா எமுலேட்டரா என்பதையும் சேர்த்து. 'நிறுவனம் சொன்னது' என்பது மட்டும்தான் ஆதாரம் என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள், வாசிக்கிறவன் எவ்வளவு நம்புவது என்று அவனே முடிவு செய்துகொள்வான்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். நீக்கினால் துடைத்துவிடாதீர்கள். அடித்துக் காட்டுங்கள். 5.51 அங்கேயே இருக்கட்டும், மேலே ஒரு கோடு, கீழே ஏன் என்று மூன்று வரி. இல்லாவிட்டால் பழைய புத்தகம் கையில் வைத்திருக்கிறவனுக்கு அது இன்னும் உலக சாதனைதான். உங்கள் புத்தகங்கள் நூலகங்களில், பள்ளிக்கூட அலமாரிகளில், பழைய புத்தகக் கடைகளில் எத்தனை வருஷம் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், அந்தந்த கேமை ஆடுகிறவர்களிடம் கேளுங்கள். ஐந்தின் மடங்கு விஷயத்தை லண்டனில் உட்கார்ந்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது, வாபிட் ஆடுகிறவன் ஒருவனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு கேமுக்கும் அப்படி நாலு பேர் எங்கேயாவது இருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாக ராத்திரி முழுக்கப் பேசுவார்கள், நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

உங்கள் புத்தகம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1951ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கிற வேட்டைப் பறவை எது என்று கின்னஸ் பீர் ஆலையின் நிர்வாக இயக்குநராக இருந்த சர் ஹியூ பீவருக்கும் கூட இருந்தவர்களுக்கும் வாக்குவாதம். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. மதுக்கடைகளில் இப்படி எத்தனை வாக்குவாதம் நடக்கும், தீர்த்துவைக்க ஒரு புத்தகம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றி, 1955ல் முதல் பதிப்பு வந்தது. வாக்குவாதத்தைத் தீர்க்க வந்த புத்தகம் அது. டிராக்ஸ்டர் வாக்குவாதத்தை அது நடக்கவிடாமல் அமுக்கி வைத்திருந்தது.

மடல் நீண்டுவிட்டது. பதில் வருமா என்று தெரியாது, வந்தால் சந்தோஷம். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், டிராக்ஸ்டரில் என்னுடைய சிறந்த நேரம் 5.84. சாதனை இல்லை, பக்கத்தில்கூட இல்லை, எமுலேட்டரில் ஆடியது. அதற்கு முன்னால் எஞ்சின் வெடித்த ஆட்டங்களும் சேர்த்து முழு வீடியோவும் வைத்திருக்கிறேன், வெட்டாமல். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ராத்திரி தூங்காமல் ஸ்பீட்ரன் பார்க்கிற ஒருவன்